றங்குப்பெட்டிக் கடிதங்களும் வேகம் தப்பிய ஒரு கசற்றும்

கிளிநொச்சியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவனுக்கு ஊரின் கதை பாதி தானாகவே தெரிந்துவிடும். காணி உறுதி, மரணச் சான்றிதழ், காணாமல் போனவரைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் என்று வருகிற கடதாசி எல்லாமே நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, சொப்பின் பைக்குள் இருக்கும். போன வைகாசியில் விசுவமடுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா கொண்டுவந்தது வேறு சாமான். உரப்பைக்குள் ஒரு சின்ன றங்குப்பெட்டி, மூடி துருவேறி இறுகியிருந்தது.

"தம்பி, உதுக்குள்ள மூத்தவன்ரை கடிதங்கள் கிடக்கு. எல்லாத்திலயும் ஒவ்வொரு கொப்பி அடிச்சுத் தாங்கோ. நான் பின்னேரம் பஸ்ஸுக்கு முதல் வாறன்" என்றார்.

பின்னேரமா! வேலை முடிய நாலு மாதம் ஆனது.

மகன் இயக்கத்தில், விடுதலைப் புலிகளில், இருந்தவர். 2009 தையில் சனம் விசுவமடுவை விட்டுக் கிழக்கே நகரத் தொடங்கியபோது, அம்மா பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி மாமரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டிருக்கிறார். தூக்கிக்கொண்டு ஓட ஏலாது, வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. மீள்குடியேறி வந்து தோண்டியபோது இரண்டு மாரி மழை அதன்மேல் பெய்து முடிந்திருந்தது. அன்றைக்கு ஒருமுறை திறந்து பார்த்து, ஈரம் என்று கண்டு, அப்படியே மூடிவிட்டார். பிறகு திறக்கவே இல்லை.

வேலையைச் சொல்ல முதல் ஒரு குற்ற ஒப்புதல். 2012, 2013 அளவில் இந்தப் பக்கம் எல்லாருக்கும் லமினேற் பைத்தியம். மிஞ்சின கடதாசி இனி அழியக்கூடாது என்று சனம் வரிசையில் நின்றது, நானும் மெசினைச் சூடாக்கிச் சூடாக்கித் தள்ளினேன். மல்லாவியில் இருக்கும் முன்னாள் போராளி ஒருவரின் நாலு கடிதங்களும் அதில் போயின. லமினேற்றில் உருகுகிற பசை கடதாசியின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு கழற்ற வழியில்லை. விளிம்பு ஒரு இடத்தில் வாய் பிளந்தால் ஈரப்பதன் உள்ளே போகும், வெளியே வராது. அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிற அந்த நாலிலும் இன்று கபிலப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. அண்ணை குறை சொல்வதில்லை. அங்கே போனால் நான்தான் அந்தச் சுவரைப் பார்க்காமல் இருந்துவிட்டு வருவேன்.

அதனால் இந்தப் பெட்டியில் அவசரப்படவில்லை. பூட்டை அடிக்காமல் பின்பக்கப் பிணைச்சலின் கம்பியை அறுத்துத் திறந்தேன். மண்ணெண்ணெய் விட்டால் துரு இளகும்தான், ஆனால் ஒரு சொட்டு உள்ளே வழிந்தாலும் கடதாசி எண்ணெய் குடித்துவிடும். உள்ளே மூன்று கட்டுக் கடிதங்கள், மொத்தம் நாற்பத்தொன்று. ஆறு ஐசிஆர்சி (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) படிவங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன ஒரு படம். பால்மாப் பைக்கற்றுக்குள் சுற்றிய ஒரு கசற். இத்தனைக்குள்ளும் நனையாமல் இருந்தது அந்தக் கசற் மட்டும்தான். உள்ளுக்குள் வெள்ளித்தாள் ஒட்டிய பைக்கற்றைத் தெரிந்தெடுத்தவருக்குப் புத்தி இருந்திருக்கிறது.

எங்கள் சனத்துக்கு எதையும் வெயிலில் போடுகிற பழக்கம். பாய், மிளகாய், புளுக்கொடியல் என்று எல்லாமே முற்றத்தில் காய்ந்துதான் வீட்டுக்குள் வரும். கடிதத்தை மட்டும் போடக்கூடாது. மை வெளிறும், கடதாசி அப்பளம் போல் நெளியும். திண்ணையில், நிழலில், முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, பூஞ்சணத்தை மெல்லிய பெயின்ற் பிறஷால் வெளிப்பக்கமாகத் தட்டினேன். காய்ந்த பூஞ்சணம்தான் தூளாக விழும். ஈரமாய் இருக்கையில் தேய்த்தால் நாருக்குள்ளே போய்க் குந்திவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல், குறட்டால் இரண்டாக நறுக்கி இரு பக்கமாய் எடுத்தேன். கட்டுகளின் ஒழுங்கை மாற்றவில்லை. திகதிப்படி அடுக்கக் கை துடித்தது உண்மை. ஆனால் அம்மா எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதும் ஒரு செய்தி. இலக்கங்களைத் தனித் துண்டில் பென்சிலால் எழுதி வைத்தேன், கடிதத்தில் ஒரு கோடும் போடவில்லை.

மூன்றாவது கட்டு ஒரு செங்கல் மாதிரி. இதற்கு ஈரம் கொடுத்துத்தான் பிரிக்கவேண்டும், தண்ணீரில் ஊறவைத்து அல்ல. உடுப்பு வைக்கிற பெரிய மூடிப் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துவாய், அதற்கு மேலே சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுளம்பு வலை, வலைக்கு மேலே கட்டு. மூடி வைத்தால் மூன்று மணித்தியாலத்தில் கடதாசி தோல்போல் இளகும். பனை ஈர்க்கைச் சீவி, கண்ணாடித் துண்டால் மழித்து, அதை நுழைத்து ஒரு தாளை ஒரு தாளாக விடுவித்தேன். கத்தி வேண்டாம். ஈர்க்கு தடக்கினால் வளையும், கத்தி வெட்டிவிடும். இன்னொன்று, எங்கள் வெக்கைக்கு இரவு முழுக்கப் பெட்டியை மூடிவைத்தால் காலையில் புதுப் பூஞ்சணம் நிற்கும். காலையில் வைத்து மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் வைக்க முதல் மை பார்ப்பது கட்டாயம். ஈரப் பஞ்சின் நுனியை ஒரு முற்றுப்புள்ளியில் மெல்ல வைத்து எடுத்தேன். குமிழ்முனைப் பேனை மை அசையவில்லை. ஊற்றுப்பேனையால் எழுதிய இரண்டு கடிதங்களில் நீலம் பஞ்சில் ஏறியது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன. வெளிப்பக்கங்களைப் படமெடுத்துவிட்டு உள்பக்கத்தை விட்டுவிட்டேன். என்னைவிடக் கைவந்த ஆள் ஒருநாள் பிரிக்கட்டும்.

இனி நான் விட்ட பிழை. பிரித்த தாள்களை உலர்த்த ஒற்றுத்தாள் கிடைக்கவில்லை. கடையில் கிடந்த பழைய பத்திரிகைகளுக்கு நடுவே வைத்து மேலே ஏ4 கட்டுகளைப் பாரமேற்றினேன். அடுத்தநாள் எடுத்தால் ஒரு கடிதத்தின் முதுகில் மணமகன் தேவை விளம்பரம் கண்ணாடியில் பார்த்தது போல் பதிந்திருக்கிறது. "அரச உத்தியோகம் விரும்பத்தக்கது" வரை வாசிக்கலாம். அம்மாவிடம் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அவனுக்கும் பொம்பிளை பாக்கேல்லை எண்டு இருந்தது" என்றார். அதற்குப் பிறகு தோய்த்த பழைய வெள்ளை வேட்டிதான். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துணியை மாற்றவேண்டும், வேறு கரைச்சல் இல்லை.

ஸ்கான் பற்றிக் கடைக்காரனாய்ச் சொல்கிறேன், போட்டோக் கொப்பி மெசினில் தாளைத் தானாக இழுக்கிற மேல்வாய்க்குள் பழைய கடிதத்தை விடாதீர்கள். கண்ணாடியில் வைத்து மூடுகிற தட்டை ஸ்கானர்தான் சரி. மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊறித் தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், பாதி மறைந்துவிடும். நல்ல நிலையில் இருந்தவற்றை 300 டிபிஐயிலும் மங்கியவற்றை 600 இலும் எடுத்தேன். ஏ4 ஒரு பக்கம் 600 இல் நிறத்தோடு சுருக்காமல் சேமித்தால் 100 எம்பியைத் தாண்டும், ஆகவே எல்லாவற்றுக்கும் 600 என்று வீரம் காட்டவேண்டாம். வெறும் பின்பக்கத்தையும் எடுக்கவேண்டும். ஒரு பின்பக்கத்தில் அரிசி, பருப்பு, லாம்பெண்ணெய்க் கணக்கு இருந்தது.

மை முற்றாகப் போன கடிதம் ஒன்று. வெறுந்தாள் என்றே நினைத்தேன். கடையின் லைற்றை நூத்துவிட்டு, போன் ரோச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் பிடித்தபோது, பேனை அழுத்தின தடங்கள் நிழல் விழுந்து எழும்பின. உழுத வயலை விடியக்காலை பார்த்த மாதிரி. இடமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என்று எடுத்து ஒன்றுக்குமேல் ஒன்று வைத்து வாசித்தேன். "அம்மா நான் நல்ல சுகம். நீங்கள் சுகமோ. சின்னானுக்குக் கால் மாறிட்டுதோ."

இப்படி நாற்பத்தொரு கடிதத்தையும் படமாக்கி முடித்தபோது எனக்கு ஒரு ஏமாற்றம் வந்தது. அவற்றில் ஒன்றுமே இல்லை! நல்ல சுகம், நீங்கள் சுகமோ, காசு அனுப்பவேண்டாம், மழையோ. போராளி வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் எங்கே நிற்கிறேன் என்று எழுதமாட்டார். ஐசிஆர்சி படிவம் இன்னும் சுருக்கம். யாழ்ப்பாணம் ஒரு பக்கமும் வன்னி ஒரு பக்கமுமாகச் சனம் பிரிந்து கிடந்த காலத்தில் ஓடித் திரிந்த படிவம் அது. உறையில்லாத திறந்த கடிதம், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். பிறர் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியவை. வரலாறு கிடைக்கும் என்று தோண்டியவனுக்குக் கிடைத்தது சுகமோ சுகம்.

பிறகுதான் அம்மாவைக் கதிரையில் இருத்தி, கடிதத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் போனைப் பதிவுக்கு விட்டு, "வாசியுங்கோ அம்மா" என்றேன். அங்கேதான் வேலை தொடங்கியது.

சின்னான் தம்பி இல்லை, வீட்டு நாய். "வரம்பு வேலை கூட" என்றால் வயல் இல்லை, சண்டைக்கு மண்ணணை கட்டுகிறார்கள். "மாமாவின்ரை பக்கம் மழை" என்று வந்தால் மாமாவின் ஊரான முள்ளியவளைப் பக்கம் நிற்கிறான். யாரும் சொல்லிக் கொடுத்த குறியீடு இல்லை, தாயும் பிள்ளையும் தாங்களாகக் கண்டுபிடித்தது. ஒரு கடிதத்தில் வரிக்கு வரி எழுத்துப்பிழை. நான் அவசரம் என்று நினைத்தேன். "இது அவன் எழுதினதில்லை தம்பி. கையில காயம், பக்கத்துக் கட்டில்காரன் எழுதினவன். பாருங்கோ, 'அம்மா'வுக்குப் பிறகு கமா போடேல்லை. இவன் போடுறவன்" என்றார். அதை எந்த ஸ்கானர் சொல்லும்?

ஆகவே ஒழுங்கை மாற்றிவிட்டேன். இப்போது கடிதம் யாருடைய கையிலிருந்து வந்தாலும் முதலில் பதிவு, பிறகுதான் ஸ்கான். கடதாசி இன்னும் பத்து வருடம் தாங்கும். வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுபத்திநாலு வயது, சீனி வருத்தம் வேறு. ஒலிக்கோப்புக்கும் படத்துக்கும் ஒரே இலக்கம். போனை விமான முறையில் போட்டு, மின்விசிறியை நிற்பாட்டி, கோழியைக் கலைத்துவிட்டு, நாற்பது நிமிடத்துக்குமேல் ஒருநாளும் இழுப்பதில்லை. "அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது" என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. "இந்தப் பேனை எங்கை வாங்கினது" என்று கேட்டால் போதும், மிச்சம் தானாக வரும்.

விபரக் கொப்பியில் எழுதியவரின் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று இரண்டு நிரல் வைத்திருந்தேன். இரண்டாவதுக்கு வந்தபோது அம்மா, "அதை விடுங்கோ" என்றார். 2008 கார்த்திகைக்குப் பிறகு கடிதம் வரவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த நிரலையே எல்லாருடைய தாளிலிருந்தும் எடுத்துவிட்டு, "கடைசிக் கடிதத்தின் திகதி" என்று மாற்றினேன்.

கசற்றுக்கு வருவோம். வன்னியை யாழ்ப்பாணத்தோடும் தெற்கோடும் இணைக்கிற ஏ9 வீதி 2006 ஆவணியில் திரும்பப் பூட்டுப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் லீவில் வந்த மகன், கனடாவில் இருக்கிற அக்காவுக்குக் கதைத்துப் பதிந்தது. அனுப்ப வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. முதல் வேலை, மேல் விளிம்பில் உள்ள சின்னத் தடுப்பை உடைத்தேன், தவறி றெக்கோட் பொத்தானை அமத்தினாலும் அழியாது. ரேப்பைப் பிளேயரின் வாசிக்கும் தலையோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு விழுந்துபோய் அதன் தகடும் துருப்பிடித்திருந்தது. கோதின் ஐந்து ஆணிகளையும் கழற்றி, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி, என்னிடம் கிடந்த ஒரு பக்திப்பாட்டுக் கசற்றின் கோதுக்குள் இறக்கினேன். கையில் வேர்வை இருந்தால் ரேப்பைத் தொடாதீர்கள். போடுவதற்கு முதல் ஒருதரம் பென்சிலால் கடைசிவரை சுற்றிப் பார்த்தேன், எங்கேயும் ஒட்டவில்லை.

ஓடவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து கதைப்பது போல. தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். அதைக் கால் சுற்றுக்கும் குறைவாய் அங்கும் இங்கும் திருப்ப, தலையின் சரிவு மாறி, ஒரு இடத்தில் "ச", "ஸ்" எல்லாம் பளிச்சென்று வெளியே வந்தன. பதிந்த மெசினின் தலை எந்தச் சரிவில் நின்றதோ அந்தச் சரிவு அது. அங்கே நிற்பாட்டி, கணினியின் லைன் வாய்க்கு வயர் கொடுத்து, ஓடாசிற்றி என்ற ஒலி மென்பொருளில் வேவ் கோப்பாக இழுத்தேன்.

ஆனால் குரல் பொடியன் குரலாக, கீச்சென்று, அவசரமாக ஓடியது. போகப் போக இன்னும் கீச். என்ரை பிளேயர் பழுது என்று இரண்டு நாள் அதைக் கிண்டினேன். பழுது பிளேயரில் இல்லை. அந்த நேரம் வன்னியில் பற்றரி தங்கம். முடிந்த பற்றரியை வெயிலில் காயவைத்துத்தான் திரும்பப் போட்டதாக அம்மா சொன்னார். பற்றரி இறங்க மோட்டர் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடுகையில் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் வேகமாகக் கேட்கும்.

எவ்வளவு குறைப்பது? வழமையாக இதற்கு ஒரு உபாயம் உண்டு. வீட்டு மின்சாரத்தில் பதிந்த ரேப்பில் மெல்லிய இரைச்சல் ஒன்று எப்போதும் இருக்கும், எங்கள் மின்சாரத்துக்கு அது 50 ஹேட்ஸ். அதை அளந்து பார்த்தால் வேகம் பிடிபடும். வன்னிக்கு அப்ப மின்சாரமே இல்லை. இரைச்சல் இல்லாத சுத்தமான ரேப், அளவுகோலும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் போட்டேன். ஐந்து வீதத்தில், "இது இளையவன்ரை குரல் மாதிரி" என்றார். பத்தில், "இது தடிமன் பிடிச்ச குரல்." எட்டில் ஒன்றும் சொல்லவில்லை, சீலைத் தலைப்பை வாய்க்கு எடுத்தார். நான் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இரண்டு இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் அவர் காதாலேயே சரிபார்த்தோம். கடைசித் துண்டு பதினாலு வீதம் வரை போனது. கனடாவில் இருக்கும் மகளுக்கும் முதல் துண்டை மூன்று வேகத்தில், எது எதென்று சொல்லாமல் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவ ஏழு வீதத்தைத் தெரிந்தெடுத்தா. குறிப்பில் இரண்டையும் எழுதினேன், கேட்கிற பிரதியை எட்டில் விட்டேன், மூலக் கோப்பில் கை வைக்கவில்லை.

மல்லாவி அண்ணையின் பதிவு வேறு மாதிரிச் சிக்கல். ஆனையிறவுச் சண்டையில், 2000 இல், வலது கால் முழங்காலுக்குக் கீழே போனவர். அந்த நாலு லமினேற் கடிதங்களும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட நின்ற பொடியள் எழுதினவை. அவர் வாசிக்கத் தொடங்க முதல் கேட்டது: "இதை நீ எங்கை வைப்பாய்? ஆர் கேப்பினம்?" நியாயமான கேள்வி. கடிதத்துக்குள் இயக்கப் பெயர்கள், அவர்களின் ஊர்கள், உயிரோடு இருப்பவர்கள். சம்மதத்தைத் தாளில் கையொப்பமாக வாங்கவில்லை. கையொப்பம் என்றால் இங்கே எல்லாருக்கும் வேறு ஞாபகம் வரும். குரலிலேயே, பதிவின் தொடக்கத்தில் அவர் சொன்னதுதான் சம்மதம். முழுக்கோப்பு பூட்டில், குடும்பத்துக்கு ஒன்று, வெளியே கொடுக்கக்கூடியது ஒன்று. பெயரை மறைக்க பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி கீறிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தப் பெட்டியை எவரும் தூக்கிப் பார்க்கலாம். மறைத்தபின் புதுப் படமாகச் சேமிக்கவேண்டும்.

"பிள்ளையளின்ரை கலியாணம் முடியும் வரைக்கும் வெளியிலை குடுக்கவேண்டாம்" என்பது அவருடைய நிபந்தனை. மூத்தவளுக்குப் பதினாறு, இளையவளுக்குப் பதினொன்று. திகதி நிரலில் என்ன போடுவது என்று யோசித்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் ஒரே ஹாட் டிஸ்க்கை நம்பமாட்டான். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று கடல் கடந்து அம்மாவின் மகளிடம். வெளியே கொடுக்கலாம் என்று சொன்னவற்றை மட்டும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்கிற எண்ணம் இருக்கிறது. 2005 இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வருபவர்கள். அம்மா இன்னும் யோசிக்கிறார், நான் கேட்டு நெருக்கவில்லை.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கவில்லை. படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின், அது நனைந்து கண்ணாடியில் காய்ந்துவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணிப் புதுப்படம் அடித்துக் கொடுத்தேன். கடிதங்களை வைக்கப் புது மட்டைப்பெட்டி செய்து வைத்திருந்தேன், அம்மா அந்தத் துருப்பெட்டிதான் வேண்டும் என்று நின்றார். கனக்க வாதாடிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்து, மணம் போக மூன்று கிழமை திறந்தபடி வைத்து, உள்ளே வேட்டித் துணி விரித்து, மட்டைப்பெட்டியை அதற்குள் வைத்துக் கொடுத்தேன். பூச்சி உருண்டை போடவேண்டாம், நிலத்தில் வைக்கவேண்டாம், மாதத்தில் ஒருநாள் திறந்து காத்துப் படவிடுங்கோ என்று மூன்றே மூன்று சொன்னேன்.

மல்லாவியில் அந்த நாலும் இன்னும் சுவரில் தொங்குகின்றன. என்ரை பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்து தாள்களைக் கிழித்து, அதே மெசினில் லமினேற் பண்ணிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தாளுக்கு இளஞ்சூடு கொடுத்து இழுத்தேன், எழுத்து பிளாஸ்ரிக்கோடு வந்தது. இரண்டாவதைக் குளிர்ப்பெட்டியில் ஒரு இரவு வைத்து இழுத்தேன், தாள் பாளமாய் உரிந்தது. மூன்றாவதில் விளிம்பை மட்டும் வெட்டி, காற்றுப் போக விட்டு வைத்திருக்கிறேன். இந்த மாரி முடியும் வரை அதைப் பார்க்கவேண்டும். கொப்பியில் இன்னும் முப்பது தாள் மிச்சம் இருக்கிறது.